உள்ளங்கை அளவு பக்கம், ஒரு படகு, முகமில்லாத மனிதர்கள்: 200 ஆண்டு பழைய பென்சில் ஓவியத்தை எப்படிப் பார்ப்பது?

1814, செப்டம்பர் 7, புதன்கிழமை. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஸ்டூர் ஆற்றங்கரையில் ஒரு சரக்குப் படகு கட்டும் வேலை நடக்கிறது. 38 வயதுக்காரர் ஒருவர் குட்டி நோட்டு ஒன்றைத் திறந்து, பென்சிலால் அந்தக் காட்சியை வரைகிறார். மறக்காமல் தேதியையும் கிழமையையும் அதிலேயே எழுதிவைக்கிறார்.

அந்தப் பக்கத்தின் அளவு சுமார் 8 செ.மீ.க்கு 11 செ.மீ. உங்கள் கையில் இருக்கும் போனைப் படுக்கவைத்துப் பாருங்கள். நீளத்தில் போன்தான் பெரிது. அவ்வளவு சின்ன இடத்துக்குள் ஒரு ஆறு, மரங்கள், பாதி கட்டிய படகு, வேலை செய்யும் ஆட்கள் எல்லாம் அடங்கியிருக்கிறார்கள்.

வரைந்தவர் ஜான் கான்ஸ்டபிள். இன்று அவர் இங்கிலாந்தின் மிகப் பிரபலமான இயற்கைக் காட்சி ஓவியர்களில் ஒருவர். அன்று நிலைமை அப்படி இல்லை. இந்தக் குட்டிப் பக்கம் ஏன் இன்றும் பேசப்படுகிறது? வெறும் பென்சில் கோடுகள் எப்படிக் கனமான ஒரு படகாக மாறுகின்றன? அந்தப் படகைக் கட்டிய மனிதர்களுக்கு மட்டும் ஏன் முகம் இல்லை?

38 வயதில், காத்திருப்பவர் பட்டியலில்

கான்ஸ்டபிள் பிறந்தது 1776-ல், சஃபோக்கின் ஈஸ்ட் பெர்கோல்ட் கிராமத்தில். அப்பா கோல்டிங் கான்ஸ்டபிள் வசதியானவர். மாவு மில்கள் வைத்திருந்தார், தானிய வியாபாரம் செய்தார், ஆற்றில் சரக்குப் படகுகளும் ஓட்டினார். மகன் குடும்பத் தொழிலை விட்டுவிட்டு லண்டனுக்கு ஓவியம் படிக்கப் போனார்.

லண்டனில் ராயல் அகாடமியின் அங்கீகாரம்தான் ஒரு ஓவியருக்கு எல்லாமே. கான்ஸ்டபிளைவிட ஒரே ஒரு வயது மூத்தவர் டர்னர். அவர் 1802-லேயே அகாடமியின் முழு உறுப்பினர் ஆகிவிட்டார். அதே 1802-ல்தான் கான்ஸ்டபிளின் படம் முதன்முதலாக அகாடமி கண்காட்சியில் இடம்பெற்றது. 12 வருடம் கழித்து, 1814-லும் அவர் இணை உறுப்பினர்கூட ஆகவில்லை.

அந்த ஆண்டு ஜூலையில், மூத்த ஓவியர் ஜோசப் ஃபாரிங்டன் அவரிடம் விஷயத்தை உடைத்துச் சொன்னார்: உங்கள் படங்கள் முடிக்காமல் விட்டதுபோல இருக்கின்றன, உங்களுக்கு ஓட்டு விழாததற்கு அதுதான் காரணம். பழைய மாஸ்டர் கிளாட் லொரெயினின் படங்களைப் போய்க் கவனமாகப் பாருங்கள் என்றும் சொன்னார்.

காதல் விஷயத்திலும் முட்டுக்கட்டைதான். மரியா பிக்னெல் என்ற பெண்ணை அவர் 1809-லிருந்து காதலித்து வந்தார். மரியாவின் தாத்தா டாக்டர் ரட், ஈஸ்ட் பெர்கோல்ட் சர்ச்சின் பாதிரியார். நிலையான வருமானம் இல்லாத ஓவியருக்குப் பேத்தியைக் கொடுக்க அவருக்கு இஷ்டமில்லை. சொத்து கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் பெண் வீட்டாரும் தயங்கினார்கள்.

வேலையில் தேக்கம், கல்யாணத்துக்குத் தடை. இந்த நிலையில்தான், ஃபாரிங்டன் அறிவுரை சொன்ன சில வாரங்களில், அப்பாவின் படகுத்துறைக்கு எதிரே உட்கார்ந்து கான்ஸ்டபிள் அந்தப் பக்கத்தை வரைந்தார்.

பென்சில் அப்போது என்ன பெரிய விஷயம்?

நம்முடைய ஜியாமெட்ரி பாக்ஸில் சாதாரணமாகக் கிடக்கும் பென்சிலுக்குப் பின்னால் ஒரு போர்க் கதை இருக்கிறது.

பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட், கார்பனின் ஒரு வடிவம். நல்ல தரமான கிராஃபைட் இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் 16-ம் நூற்றாண்டிலேயே கிடைத்தது. அதற்கு இருந்த மதிப்பால் திருட்டு அதிகமாகி, 1752-ல் அதைத் திருடுவதையே கடுமையான குற்றமாக்கி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது.

1793-ல் பிரிட்டனும் பிரான்ஸும் போரில் இறங்கின. பிரான்ஸுக்கு இங்கிலாந்து கிராஃபைட் கிடைக்காமல் போனது. மாற்று வழி தேடிய நிக்கோலா ஜாக் கோன்டே, 1795-ல் கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு கலந்து சூளையில் சுட்டு பென்சில் செய்தார். களிமண் கூடினால் பென்சில் கடினமாகும், கோடு வெளிறும். குறைந்தால் மென்மையாகும், கோடு கறுக்கும். இன்று பென்சிலில் ஹெச்.பி., 2பி என்று இருக்கும் வகைகளெல்லாம் இந்த அடிப்படையில் வந்தவைதான்.

வெளியே போய் வரையும் ஓவியருக்கு பென்சில் மிக வசதி. மை பாட்டில் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், காயும் வரை காத்திருக்க வேண்டாம். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடக்கலாம். இயற்கையை நேரில் பார்த்து, அந்த நொடியில் உணர்ந்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்று துடித்த தலைமுறைக்கு இது சரியான கருவி.

அந்தத் தலைமுறையைத்தான் ரொமாண்டிக் காலம் என்கிறார்கள். காதல் படம் என்று நினைத்துவிட வேண்டாம். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி ஐரோப்பாவில் பரவிய கலைப் போக்கு அது. விதிகளைவிட உணர்வு, பழைய புராணக் கதைகளைவிட நேரில் கண்ட இயற்கை, பொதுவான அழகைவிடத் தனி மனிதரின் அனுபவம் ஆகியவற்றுக்கு அது முக்கியத்துவம் கொடுத்தது.

கோடு வேறு, வடிவம் வேறு

ஓவியத்தைப் பார்க்கத் தொடங்குமுன் ஒரு சின்ன விஷயம்.

ஒரு முட்டையை வரையச் சொன்னால் பெரும்பாலானவர்கள் நீள்வட்டம் ஒன்றைப் போடுவார்கள். அது கோடு. முட்டை எங்கே முடிகிறது, வெளி எங்கே தொடங்குகிறது என்று மட்டும் அது சொல்லும். தட்டையாகத்தான் இருக்கும். கையில் எடுத்தால் உருளும், கனக்கும் என்ற உணர்வு வர வேண்டுமானால் வெளிச்சம் படும் பக்கம், நிழல் விழும் பக்கம் இரண்டையும் காட்ட வேண்டும். அப்போது கிடைப்பதுதான் வடிவம்.

கான்ஸ்டபிளுக்கு முந்தைய தலைமுறையில் கோட்டுக்குத்தான் மவுசு. ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற பிரிட்டிஷ் கலைஞர் ஹோமரின் காவியங்களுக்கு வரைந்த படங்கள் 1793-ல் வெளியாகி ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கின. அவற்றில் நிழல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஒரே சீரான மெல்லிய கோடு மட்டும். மனிதர்கள் கிரேக்க ஜாடியில் வரைந்த உருவங்கள் போல இருப்பார்கள். வெயில், காற்று, நேரம் எதுவும் அவர்களைத் தொடாது.

கான்ஸ்டபிளுக்கு அந்தக் கோடு போதாது. காரணம் எளிமையானது. வெளியே எந்தப் பொருளுக்கும் சீரான ஓரம் கிடையாது. வெயில் படும் இடத்தில் மரத்தின் விளிம்பு கரைந்துவிடுகிறது. நிழல் பக்கத்தில் அழுத்தமாகத் தெரிகிறது. எனவே அவருடைய பென்சில் கோடும் ஓரிடத்தில் அழுந்தி, அடுத்த இடத்தில் மெலிந்து, இன்னோரிடத்தில் விட்டுப்போய், பிறகு தொடர்கிறது. விட்டுப்போன இடத்தை நம் கண் தானாகவே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

படகை எப்படிப் படிப்பது?

செப்டம்பர் 7 பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது படகுதான். ஆற்றங்கரையில் வெட்டிய பள்ளம் ஒன்றில், தண்ணீரை வடித்துவிட்டு, அதற்குள் படகை நிறுத்தி வேலை செய்கிறார்கள். முடிந்ததும் பள்ளத்துக்குள் தண்ணீரை விட்டால் படகு மிதந்து ஆற்றுக்குப் போய்விடும்.

படகின் வடிவம் எப்படி வருகிறது? இங்கேதான் ஒரு சுவாரசியம். படகு பலகைகளால் ஆனது. ஒவ்வொரு பலகையும் அடிப்பகுதியின் வளைவோடு சேர்ந்து வளைகிறது. இரண்டு பலகைகள் சேரும் இடுக்கு இயற்கையாகவே ஒரு கோடு. அந்த இடுக்குகளைப் பின்தொடர்ந்து வரைந்தாலே போதும், படகின் வயிறு பக்கத்திலிருந்து பிதுங்கி வந்துவிடும். படகுக்குள்ளே ஓடும் கோடே வடிவத்தைக் கொடுத்துவிடுவதால், அதிகம் ஷேடிங் செய்ய வேண்டிய தேவையும் குறைகிறது.

படகு கட்டுபவருக்கு மிக முக்கியமான இடமும் அந்த இடுக்குகள்தான். அவற்றில் நார் திணித்து, மேலே சூடான கீல் பூசினால்தான் தண்ணீர் உள்ளே வராது. தொழிலாளி எந்தக் கோட்டில் கை வைத்து வேலை செய்தாரோ, அதே கோட்டில்தான் ஓவியரின் பென்சிலும் ஓடியிருக்கிறது. மில்காரர் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்த கான்ஸ்டபிளுக்கு எந்த இடுக்கு முக்கியம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மரங்களுக்கு வேறு விதமான கோடு. இலைகளை ஒவ்வொன்றாக வரைய முடியாது. அதனால் சுருண்டும் வளைந்தும் ஓடும் கிறுக்கல்கள், அவற்றின் மேல் நெருக்கமான சாய்கோடுகள். தனித்தனியாகப் பார்த்தால் வெறும் கிறுக்கல்தான். தள்ளிவைத்துப் பார்த்தால் இலைக் கூட்டம், அதன் அடியில் நிழல்.

வானத்துக்கும் தண்ணீருக்கும் பெரிய வேலை எதுவும் இல்லை. அங்கே வெள்ளைத் தாளே வெளிச்சம். பென்சில் ஓவியத்தில் வெள்ளை நிறம் பூசுவதில்லை, விட்டுவைக்கிறார்கள். எதை வரையாமல் விடுவது என்று முடிவெடுப்பதும் வரைவதில் பாதி வேலை.

சரி, மனிதர்கள் எங்கே?

இருக்கிறார்கள். ஆனால் தேட வேண்டும். படகின் பெரிய உடலுக்குப் பக்கத்தில் வேலையாட்கள் சின்னதாகத் தெரிகிறார்கள். 8 செ.மீ. உயரமுள்ள பக்கத்தில் ஒரு தலைக்குக் கிடைக்கும் இடம் சில மில்லிமீட்டர்தான். கண், மூக்கு, வாய்க்கு இடமே இல்லை.

அப்படியானால் அது மனிதர் என்று எப்படித் தெரிகிறது? உடல் நிற்கும் விதத்தால். முதுகு எவ்வளவு குனிகிறது, கை எந்தக் கோணத்தில் நீள்கிறது, எடை எந்தக் காலில் விழுகிறது என்பதை நாலைந்து கோடுகளில் காட்டிவிட்டால் போதும். ரோட்டில் தூரத்தில் வரும் நண்பரை முகம் தெரியும் முன்பே நடையை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறோம் இல்லையா, அதே கணக்குதான்.

இந்த விஷயத்தில் கான்ஸ்டபிள் நிறையப் பயிற்சி எடுத்திருந்தார். முந்தைய ஆண்டான 1813-லும் இதேபோல ஒரு குட்டி நோட்டைக் கோடைக்காலம் முழுக்க நிரப்பினார். கலப்பைகள், படகுகள், மாடுகள், வயலில் வேலை செய்பவர்கள் எனப் பலதும் அதில் உண்டு. சில பக்கங்களில் பல குட்டிப் படங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இன்றைய போன் கேலரி போலத்தான். எப்போது உதவும் என்று தெரியாது, ஆனால் சேர்த்து வைத்துக்கொண்டார்.

நோட்டிலிருந்து கேன்வாஸுக்கு

செப்டம்பர் 7 பக்கம் வீண்போகவில்லை. கிட்டத்தட்ட அதே அமைப்பில் கான்ஸ்டபிள் ஒரு எண்ணெய் ஓவியம் தீட்டினார். ‘ஃபிளாட்ஃபோர்டு மில் அருகே படகு கட்டுதல்’ என்ற அந்த ஓவியத்தின் அகலம் சுமார் 61 செ.மீ., நோட்டுப் பக்கத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். 1815-ல் அது ராயல் அகாடமி கண்காட்சியில் வைக்கப்பட்டது.

இதில் இன்னொரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்தில் வெளியே ஸ்கெட்ச் எடுத்துவந்து, அறைக்குள் உட்கார்ந்து பெரிய ஓவியத்தை முடிப்பதுதான் வழக்கம். இந்த ஓவியத்தை முழுக்க வெளியிலேயே, படகுத்துறைக்கு எதிரிலேயே தீட்டினார் என்று அவருடைய நண்பரும் வாழ்க்கை வரலாற்றை எழுதியவருமான சார்ல்ஸ் ராபர்ட் லெஸ்லி பதிவு செய்திருக்கிறார். ‘முடிக்காமல் விட்டதுபோல இருக்கிறது’ என்ற குறைக்கு இதைவிட நேரடியான பதில் இருக்க முடியாது.

அதே 1814-ல் இன்னொரு ஆர்டரும் வந்தது. தாமஸ் ஃபிட்ஸ்ஹியூ என்பவர் தன் மணப்பெண் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கல்யாணப் பரிசாக, அவருடைய ஊர்க் காட்சியை வரைந்து தரச் சொன்னார். இன்று அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஓவியத்தில் அழகான பள்ளத்தாக்கு இருக்கிறது, தூரத்தில் சர்ச் கோபுரம் இருக்கிறது. முன்பக்கம் பளிச்சென்று இருப்பது என்ன தெரியுமா? குப்பைமேடு. இலையுதிர் காலத்தில் வயலுக்குப் போட வேண்டிய எருவை ஆட்கள் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கல்யாணப் பரிசில் எருக்குவியலா என்று இன்று சிரிப்பு வரலாம். விவசாயம் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு அது அடுத்த விளைச்சலுக்கான முதல் வேலை. அந்த வேலையையும் எந்த மாதத்தில் நடக்குமோ அந்த மாதத்து வெளிச்சத்தோடு கான்ஸ்டபிள் வரைந்தார்.

கிராமம் அவ்வளவு அமைதியாகவா இருந்தது?

இங்கேதான் ஒரு சங்கடமான கேள்வி வருகிறது. கருவிகளையும் பலகை இடுக்கையும் இவ்வளவு துல்லியமாகப் பார்த்த கண், அந்த வேலையாட்களின் வாழ்க்கையைப் பார்த்ததா?

பிரான்ஸுடனான நீண்ட போர் 1815-ல் முடிந்தது. அதே ஆண்டு வந்த தானியச் சட்டம், உள்நாட்டுக் கோதுமை விலை ஒரு குறிப்பிட்ட அளவைத் தொடும் வரை வெளிநாட்டுக் கோதுமையைத் தடுத்தது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது பாதுகாப்பு. கூலிக்கு வேலை செய்து ரொட்டி வாங்கித் தின்றவர்களுக்கு அடி. 1816-ல் கிழக்கு இங்கிலாந்தில் கலவரம் வெடித்தது. லிட்டில்போர்ட், ஈலி ஊர்களில் நடந்த கலவரத்துக்காக ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

1822-லும் அந்தப் பகுதியில் அமைதி இல்லை. சஃபோக்கில் இரவு தோறும் எங்காவது தீ தெரிகிறது, தம்பி கவலையில் இருக்கிறார் என்று நண்பர் ஜான் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில் கான்ஸ்டபிளே குறிப்பிடுகிறார். அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதே ஆண்டுகளில் அவர் கண்காட்சிக்கு அனுப்பிய புகழ்பெற்ற ஆற்றங்கரை ஓவியங்களில் அந்தத் தீ இல்லை.

இலக்கிய, கலை வரலாற்று அறிஞர் ஜான் பாரல் 1980-ல் எழுதிய நூலில் இதைத்தான் கேட்டார். ஆங்கில இயற்கைக் காட்சி ஓவியங்களில் ஏழைத் தொழிலாளிகள் நிலத்தோடு நிலமாக, தூரத்தில், சின்னதாக ஆக்கப்படுகிறார்கள். முகம் அருகில் வந்தால் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வியும் அருகில் வந்துவிடும் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அன்றைய பல ஓவியர்கள் கிராமத்து ஆட்களை மரத்தடியில் சும்மா உட்காரவைத்து அழகு பார்த்தார்கள். கான்ஸ்டபிளின் ஆட்கள் சும்மா இருப்பதில்லை. உழுகிறார்கள், எருவைத் தோண்டுகிறார்கள், படகு கட்டுகிறார்கள். செய்யும் வேலையும் சரியான வேலை, பிடித்திருக்கும் கருவியும் சரியான கருவி. உழைப்பின் நுட்பத்தை மதித்து வரைந்தவர் என்று அவரைச் சொல்ல இது போதுமான காரணம்.

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அந்தப் படகுத்துறை அவர் அப்பாவுடையது. அங்கே வேலை பார்த்தவர்கள் அப்பாவிடம் கூலி வாங்கியவர்கள். முதலாளி வீட்டுப் பிள்ளை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் வேலை தெளிவாகத் தெரிந்தது. வேலை செய்தவர் யார் என்பது அந்தப் பக்கத்தில் பதிவாகவில்லை. தேதி இருக்கிறது, கிழமை இருக்கிறது, ஒரு பெயர்கூட இல்லை.

நீங்களே பார்க்க மூன்று வழிகள்

அடுத்த முறை ஏதாவது பென்சில் ஓவியம் கண்ணில் பட்டால், ஸ்வைப் செய்து நகரும் முன் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, கோடு எங்கே அழுத்தமாகிறது, எங்கே காணாமல் போகிறது? அழுத்தமான இடம் பெரும்பாலும் நிழல் அல்லது கனம். காணாமல் போன இடம் வெளிச்சம்.

இரண்டு, எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரிக் கோடா? பலகைக்கு ஒன்று, இலைக்கு ஒன்று, துணிக்கு ஒன்று என்று மாறினால், வரைந்தவர் நேரில் கூர்ந்து பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

மூன்று, யாருக்கு முகம் கிடைத்திருக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை? சில நேரம் அது இடப் பிரச்சினை. சில நேரம் அதைத் தாண்டியும் ஏதோ சொல்லும்.

அப்புறம் என்ன ஆனது?

1816 மே மாதம் கான்ஸ்டபிளின் அப்பா இறந்தார். குடும்பத் தொழிலில் கிடைத்த பங்கு ஓரளவு நிலையான வருமானம் ஆனது. அதே ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி லண்டனில் அவருக்கும் மரியாவுக்கும் கல்யாணம் நடந்தது. நடத்திவைத்தவர் நண்பர் ஜான் ஃபிஷர். ஏழு குழந்தைகள் பிறந்தார்கள்.

அகாடமியின் இணை உறுப்பினர் பதவி 1819-ல் வந்தது. ‘தி ஹே வெய்ன்’ ஓவியம் 1824-ல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. முழு உறுப்பினர் பதவி 1829-ல்தான் கிடைத்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1828 நவம்பரில், மரியா காசநோயால் இறந்துவிட்டார்.

அந்தக் குட்டி நோட்டை மகள் இஸபெல் பத்திரமாக வைத்திருந்து, 1888-ல் லண்டனில் இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் என்ற பெயரில் இருக்கும் மியூசியத்துக்குக் கொடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து பிறந்த எண்ணெய் ஓவியமும் அதே மியூசியத்தில்தான் இருக்கிறது. மியூசியத்தின் இணையதளத்தில் இரண்டையும் போனிலேயே பார்க்கலாம்.

பார்த்தால், ஓவியத்தை விட்டுவிட்டு முதலில் நோட்டுப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு விரலால் விரிக்க விரிக்கப் படகு மறைந்து, வெறும் கோடுகள்தான் மிஞ்சும். அந்தக் கோடுகளுக்கு நடுவே எங்கேயோ, பெயர் தெரியாத ஒருவர் 200 வருடமாகக் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.